சுங்கை சிப்புட்டிலிருந்து போர்னியோ காட்டுக்கு: குடும்பத்தோடு போய்வர முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் குடும்பப் பயணம் என்றால் கேமரன் மலை, பினாங்கு, பங்கோர். கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால் தமிழ்நாடு. போர்னியோவை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உலகின் மூன்றாவது பெரிய தீவு அது. அதன் வடக்கே இருக்கும் சபா நம் மலேசிய நாட்டு மாநிலம். ஒராங் ஊத்தான், நீள மூக்குக் குரங்கு, போர்னியோ யானை, எட்டு வகை இருவாச்சிப் பறவைகள், உப்புநீர் முதலை எல்லாம் அங்கே ஒரே ஆற்றை ஒட்டி வாழ்கின்றன. அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய நாம்தான் போகாமல் இருக்கிறோம்.

இந்த வழிகாட்டி சபாவின் கிழக்குக் கரைக்கானது: சண்டாக்கான், செப்பிலோக், கினபாத்தாங்கான் ஆறு. கோத்தா கினபாலு, மலையேற்றம், கடைத்தெரு எதையும் இதில் சேர்க்கவில்லை. காரணம் ஒன்றுதான். விலங்கு பார்க்கப் போகிறவர்கள் இடங்களைக் குறைத்து இரவுகளைக் கூட்ட வேண்டும். ஐந்து நாளில் ஆறு ஊர் சுற்றினால் வேனுக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் மிஞ்சும். ஆற்றங்கரையில் மூன்று இரவு தங்கினால், முதல் நாள் தவறியது மூன்றாம் நாள் கண்ணில் படும். கீழே சொல்வது எல்லாம் இந்த எண்ணத்தை வைத்துத்தான்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சபாவின் கிழக்குக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை நவம்பர் வாக்கில் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்க்கும். கினபாத்தாங்கான் கரை மீறும், சில விடுதிகளின் நடைபாதை தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் இந்தப் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் முற்பகுதி வரை நல்ல காலம். அப்போதும் மழை பெய்யும், மழைக்காடுதானே. ஆனால் பெய்து விட்டுவிடும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருந்துவது மே இறுதியை ஒட்டி வரும் விடுமுறை. ஒரு சிக்கல் உண்டு: மே 30, 31 சபாவில் காமாத்தான் அறுவடைத் திருநாள். தீபகற்பத்தில் வேலை செய்யும் சபாக்காரர்கள் எல்லாரும் வீடு திரும்பும் நேரம் அது. டிக்கெட் விலை ஏறும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். அந்த இரண்டு நாளுக்கு முன்பே போய் இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் நடுவாரம் போவதுதான் என் முதல் யோசனை.

புரட்டாசியில் விரதம் இருக்கும் வீடுகள் அந்த மாதத்தைத் தள்ளி வையுங்கள். காட்டு விடுதியில் சைவம் கிடைக்கும். ஆனால் ஒரு மாத விரதத்துக்கு வேண்டிய சுத்தத்தை அங்கே எதிர்பார்ப்பது சமையல்காரருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

இரண்டாம் படி: காகிதங்கள்

சபாவுக்குள் நுழைய நம் மைகாட் அடையாள அட்டை போதும். ஆனாலும் அங்கே குடிநுழைவுத் துறையின் சோதனை உண்டு. விமானத்திலிருந்து இறங்கியதும் முகப்பிடத்தில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மூன்று மாதம் வரை தங்குவதற்கான சீட்டு ஒன்றைத் தருவார்கள். திரும்பும்வரை அதைத் தொலைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மைகிட்டோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். கடப்பிதழ் இருந்தால் இன்னும் எளிது.

தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்களில் இன்னும் சிலர் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள். சிலருக்கு அட்டையே கைக்கு வரவில்லை. வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ அப்படி இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே ஈப்போவில் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்குப் போய், அவருக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று நேரில் கேளுங்கள். குடும்பமே கிளம்பிப் போய் விமான நிலையத்தில் பாட்டியை மட்டும் திருப்பி அனுப்பும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

டிக்கெட்டில் பெயர் பதியும்போதும் கவனம். நம் அட்டையில் தகப்பன் பெயருக்கு முன் மகன், மகள் என்று குறிக்க வரும் ஏ/எல், ஏ/பியில் உள்ள சாய்கோட்டை விமான நிறுவனங்களின் படிவம் பெரும்பாலும் ஏற்காது. அதை விட்டுவிட்டு, உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுங்கள். எழுத்து ஒன்றுகூட அட்டையில் உள்ளதிலிருந்து மாறக்கூடாது.

மூன்றாம் படி: போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்கு நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய மூன்று மணி நேரம். கோத்தா கினபாலு போய் அங்கிருந்து பேருந்தில் சண்டாக்கான் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; மலைப்பாதையில் ஆறு மணி நேரத்துக்குமேல் ஆகும், ஒரு நாள் வீண்.

நம் ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு வழி. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். அல்லது ஈப்போ மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு நேரே போகும் பேருந்து. மூட்டை முடிச்சோடு, வயதானவர்களோடு போனால் பேருந்துதான் நல்லது. ஏறி இறங்கும் வேலை குறைவு, இரவுப் பேருந்து பிடித்தால் காலை விமானத்துக்குச் சரியாக இருக்கும். உங்கள் விமானம் முதல் முனையமா, இரண்டாம் முனையமா என்று பார்த்து அதற்கேற்ப இறங்குங்கள்.

சண்டாக்கானில் மதியத்துக்கு முன் இறங்கும் விமானமாகப் பாருங்கள். காரணம் சூரியன். சபாவிலும் கடிகாரம் நம் நேரம்தான் காட்டும், ஆனால் தீவு கிழக்கே இருப்பதால் அங்கே வெளிச்சம் ஒரு மணி நேரம் முந்தி வருகிறது. காலை ஆறு மணிக்கே விடிந்துவிடும். மாலை ஆறு, ஆறேகாலுக்கு இருட்டிவிடும். நான்கு மணிக்கு இறங்கினால் அன்றைய நாள் போயிற்று.

நான்காம் படி: செப்பிலோக்கில் ஓர் இரவு

சண்டாக்கான் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நகரில் தங்காமல் நேரே செப்பிலோக்கில் தங்குங்கள். அங்கே பார்க்க வேண்டிய மூன்று இடங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் 1964இல் தொடங்கியது. காடு அழிந்தபோது தாயை இழந்த குட்டிகள், வீடுகளில் வளர்த்து மீட்கப்பட்டவை எல்லாம் இங்கே மீண்டும் காட்டுக்குப் பழக்கப்படுகின்றன. காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மேடையில் உணவு வைப்பார்கள். காட்டில் பழம் பழுத்துக் கிடக்கும் பருவத்தில் ஒன்றுகூட வராமல் போகலாம். வராவிட்டால் வருத்தப்படாதீர்கள், அவை தானாகத் தின்னக் கற்றுக்கொண்டன என்று அர்த்தம். பையை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டகத்தில் வைக்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் அன்று உள்ளே போகாதீர்கள். நமக்கு வரும் நோய்கள் அவற்றுக்கும் தொற்றும், நமக்குச் சாதாரணமானது அவற்றைக் கொன்றுவிடலாம்.

எதிரிலேயே சூரியக்கரடிப் பாதுகாப்பு மையம். கரடி இனங்களிலேயே சிறியது அது. நெஞ்சில் மஞ்சள் பிறை. நம் தீபகற்பக் காட்டிலும் இருக்கிறது, ஆனால் பார்த்தவர் அரிது. ஒரு மணி நேரம் போதும்.

பலர் தவறவிடுவது மூன்றாவதை: மழைக்காட்டுக் கண்டறிதல் மையம். மரங்களின் உச்சிக்கு இணையாக இரும்பு நடைபாலம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதன்மேல் போய் நின்றால், இருட்டும் நேரத்தில் சிவப்புப் பறக்கும் அணில் பொந்திலிருந்து வெளியே வந்து மரம் விட்டு மரம் மிதந்து போகும். பூனையைவிட நீளமான அணில்! பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் மாலையை இதற்கு வையுங்கள். எல்லா இடத்திலும் மலேசியர் கட்டணம் தனி, குறைவு. மைகாட்டைக் கையில் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: கினபாத்தாங்கான் ஆறு, பயணத்தின் உயிர்

சபாவின் மிக நீளமான ஆறு இது, சுமார் 560 கிலோமீட்டர். செப்பிலோக்கிலிருந்து சுகாவ் கிராமத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேன் ஓட்டம். அந்த வழி முழுக்க இரண்டு பக்கமும் செம்பனை. சுங்கை சிப்புட்டிலிருந்து போகிற நமக்கு அந்தக் காட்சி புதிதில்லை. நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் பல இன்று செம்பனைதான். ஆனால் அந்தச் சாலையில் போகும்போது பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: இந்த நிலமெல்லாம் முன்பு காடு. மிஞ்சியது ஆற்றை ஒட்டிய ஒல்லியான பட்டை மட்டும். 2005இல் அதைப் பத்துத் துண்டுகளாகக் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தோட்டம், சாலை, கிராமம். விலங்குகள் போக வேறு இடம் இல்லாமல் ஆற்றங்கரையில் நெருங்கி வாழ்கின்றன. படகில் போகிறவர் கண்ணுக்கு அவை இவ்வளவு எளிதாகப் படுவதற்கு அதுவே காரணம். இந்தத் துக்கத்தையும் தெரிந்துகொண்டுதான் அந்த அழகைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை நம் கண் முன்னாலேயே முடிந்தது. மலேசியாவில் கடைசியாக இருந்த இமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது.

எங்கே தங்குவது? ஆற்றங்கரைக் கிராமங்களான சுகாவிலும் பிலிட்டிலும் விடுதிகள் அதிகம். பத்து பூத்தே என்ற ஊரில் கிராமத்தாரே நடத்தும் கோப்பெல் கூட்டுறவு அமைப்பு வழியாக வீட்டில் தங்கலாம், காட்டு முகாமிலும் தங்கலாம். அந்தக் கிராமம் சண்டாக்கான்–லாஹாட் டத்து நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால் பேருந்திலும் போய் இறங்க முடியும். கூட்டுறவு நடத்தித் தோட்டம் வாங்கிய துன் சம்பந்தனின் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஓர் அமைப்பின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுகாதாரக் கழிப்பறை, குளிர்சாதனம் கட்டாயம் என்றால் சுகாவ் விடுதிக்குப் போங்கள். பாயில் படுக்கத் தயார் என்றால் பத்து பூத்தே.

விடுதியைப் பிடிக்குமுன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். படகுப் பயணம் எத்தனை முறை? காலை, மாலை இரண்டும் நாள்தோறும் இருக்க வேண்டும், ஓர் இரவுப் பயணமும் வேண்டும். ஒரு படகில் எத்தனை பேர்? பத்துப் பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். விலங்கருகே போகும்போது இயந்திரத்தை நிறுத்துவார்களா, மின் மோட்டாரா? விலங்குக்குத் தீனி போட விடுவோம், தொட விடுவோம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வழிகாட்டிக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தந்தக் கிராமத்தில் பிறந்த வழிகாட்டியின் கண்ணுக்கு ஈடு கிடையாது.

படகுக்கு இரண்டு நேரம்தான். காலை ஆறு மணி, மாலை நான்கு மணி. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு, இருட்டோடு எழுந்து பழகிய தலைமுறைக்கு இது பெரிய விஷயமில்லை, இளைஞர்களைத்தான் எழுப்ப வேண்டியிருக்கும். நீள மூக்குக் குரங்குகள் போர்னியோவைத் தவிர வேறெங்கும் கிடையா. பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, மாலையில் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும். அதனால்தான் மாலைப் படகு. ஒரு மரத்தில் பெரிய மூக்கோடு ஓர் ஆண், சுற்றிலும் பெண்களும் குட்டிகளும். பக்கத்து மரத்தில் குடும்பம் இல்லாத இளவட்ட ஆண்கள் கூட்டமாக. காலையில் இருவாச்சி. தலைக்கு மேல் பறக்கும்போது சிறகுச் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் பறவை தெரியும். ஆற்றிலிருந்து துண்டாகிப்போன பழைய வளைவுகள் குளமாக நிற்கின்றன, அங்கேயும் படகை விடச் சொல்லுங்கள். இரவில் முதலையின் கண், தூங்கும் மீன்கொத்தி, மரநாய், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுப்பூனை.

யானைக்கு மட்டும் யாரும் உறுதி தர முடியாது. போர்னியோ யானைகள் மொத்தமே சுமார் ஆயிரம்தான் காட்டில் மிச்சம் இருக்கின்றன. கூட்டம் ஆற்றின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று படகோட்டிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மூன்று இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ஏற்கெனவே பார்க்கத் தெரியும். செம்பனை மட்டைக்கு நடுவே உடும்பைப் பார்த்த கண், எலி பிடிக்கும் ஆந்தையின் இருப்பிடம் அறிந்த காது, காட்டுப்பன்றித் தடத்தைச் சேற்றில் படிக்கும் பழக்கம் எல்லாம் இங்கே உதவும். தாத்தாவைப் படகின் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஆறாம் படி: சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய இடங்கள்

செலிங்கான் ஆமைத் தீவு. சண்டாக்கானிலிருந்து படகில் சுமார் 40 கிலோமீட்டர். ஆண்டு முழுக்கப் பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அதிகம். இரவு தங்கினால்தான் பார்க்க முடியும். அறைகள் குறைவு, மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். இருட்டிய பிறகு கடற்கரைக்குத் தானாக இறங்க அனுமதி இல்லை. ஆமை வந்ததும் வனக்காவலர் அழைப்பார், அது எட்டு மணியாகவும் இருக்கலாம் நள்ளிரவாகவும் இருக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் சேருங்கள். கைக்குழந்தை இருந்தால் அடுத்த முறை.

டானும் பள்ளத்தாக்கு, 438 சதுர கிலோமீட்டர் தொடப்படாத காடு. 100 மீட்டரைத் தாண்டிய மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று அங்கே நிற்கிறது. செலவும் அதிகம், நடையும் அதிகம். முதல் பயணத்தில் வேண்டாம்.

லாபுக் விரிகுடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே நீள மூக்குக் குரங்குச் சரணாலயம் இருக்கிறது. தீனி வைத்து வரவழைக்கிறார்கள். ஆற்றுக்குப் போகிறவருக்கு இது தேவையில்லை. படகில் ஏற முடியாத பாட்டிக்கு நல்ல மாற்று. கொமாந்தோங் குகை சுகாவ் போகும் வழியில்தான், பறவைக்கூடு எடுக்கும் குகை. மாலையில் லட்சக்கணக்கில் வௌவால் வெளியேறும். வௌவால் எச்சத்தின் நெடியும் கரப்பான்களும் தாங்க முடிந்தால் இறங்குங்கள்.

ஏழாம் படி: மூட்டை

காலுக்கு அடிடாஸ் கம்போங். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் காலணிதான். சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் மலையேற்றக் காலணியைவிட இதுதான் அங்கே வேலை செய்யும். முழங்கால் வரை வரும் அட்டைப்பூச்சிக் காலுறை, முழுக்கை மங்கல் நிறச் சட்டை, மழைக்கோட்டு, கைப்பேசிக்கு நீர்புகா உறை, தலைவிளக்கு. கேமராவைவிட முக்கியம் தொலைநோக்கி. எட்டு மடங்கு பெருக்கம் போதும், பத்துக்கு மேல் போனால் படகில் கை ஆடும். வீட்டுக்கு ஒன்றாவது வேண்டும்.

கொசு விரட்டியை மறக்காதீர்கள். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் மலேரியா இருக்கிறது. போகும் முன் கிளினிக்கில் மருத்துவரிடம் பேசுங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டெங்கி என்று நீங்களே முடிவு கட்டாமல், சபா காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சாப்பாடு: மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் எத்தனை பேர் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் முட்டையும் கீரையும்தான். பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் இறுக மூடும் டப்பாவில், சன்னலைப் பூட்டி. நீள வால் குரங்குகள் அறைக்குள் புகுந்து எடுத்துவிடும். ரொக்கப் பணத்தைச் சண்டாக்கானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: நாள் வரிசையும் பணமும்

சரி, எல்லாவற்றையும் கோத்தால் இப்படி வரும். முதல் நாள் சண்டாக்கானில் இறங்கி செப்பிலோக், மாலை நடைபாலம். இரண்டாம் நாள் காலை சூரியக்கரடி, பத்து மணிக்கு ஒராங் ஊத்தான், மதியம் வேன், மாலையே முதல் படகு. மூன்றாம், நான்காம் நாள் ஆறு. நடுப்பகலில் தூங்குங்கள், விலங்குகளும் அப்போது தூங்கும். ஐந்தாம் நாள் காலைப் படகு முடித்துத் திரும்புதல். ஆமைத் தீவு வேண்டுமென்றால் ஆற்றுக்குப் பிறகு ஓர் இரவைக் கூட்டுங்கள்.

பெரிய செலவு விமானமும் ஆற்று விடுதியும். விடுதிக் கட்டணத்தில் பொதுவாகச் சாப்பாடு, படகு, வழிகாட்டி, செப்பிலோக்கிலிருந்து வேன் எல்லாம் அடக்கம். அடக்கம்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டாருக்கான விலையைத் தூக்கிக் காட்டினால் மலேசியர் விலை கேளுங்கள், பல இடத்தில் தனியாக இருக்கிறது. இரண்டு குடும்பம் சேர்ந்து எட்டுப் பேராகப் போனால் ஒரு படகு உங்களுக்கே கிடைக்கும். சித்தப்பா வீட்டையோ மாமா வீட்டையோ இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

சபாவின் கிழக்குக் கடலோரத்தில் பாதுகாப்புக் காரணத்துக்காக இரவுநேரக் கடல் ஊரடங்கு அவ்வப்போது நீட்டிக்கப்படுகிறது. ஆமைத் தீவுக்குப் போகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் படகு நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பும் விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு எடுங்கள். சுகாவிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் வேன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். கேஎல்ஐஏவில் இறங்கி வெளியே வர மாலையாகிவிடும், ஈப்போ பேருந்துக்கு இருக்கையை முன்கூட்டியே பதிந்து வையுங்கள். அடுத்த நாள் வேலைக்கும் ஒரு நாள் விடுப்பு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.